பொங்கல் பரிசு: உயர்த்துவதா, ஒழிப்பதா, உரிமையாக்குவதா?

மார்கழி பாதி கடந்ததும் தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் ஒரு கேள்வி எழுகிறது: இந்த ஆண்டு எவ்வளவு? கேட்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர்கள். விற்பனையாளருக்கும் விடை தெரியாது. அரசின் அறிவிப்பு வர வேண்டும். அதன் பின் டோக்கன் வர வேண்டும். அதன் பின் வரிசை. பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பு வரை, கையில் வரப்போவது மூவாயிரமா, ஆயிரமா, ஒன்றுமில்லையா என்பது ஒரு குடும்பத்துக்குத் தெரியாது.

இத்தொகையைப் பற்றி இரண்டு குரல்கள் ஆண்டுதோறும் ஒலிக்கின்றன. ஒன்று, "போதாது, உயர்த்துங்கள்" என்கிறது. மற்றொன்று, "வீண் செலவு, ஒழித்துவிடுங்கள்" என்கிறது. இரண்டும் தொகையின் அளவைப் பற்றியே பேசுகின்றன. அத்தொகை எந்த வடிவில், யாருடைய விருப்பத்தின்பேரில், எந்த நிதியிலிருந்து தரப்படுகிறது என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. தலித் மக்களின் வரலாற்று அனுபவத்திலிருந்து பார்த்தால், இந்தக் கேள்விகளே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

எட்டுப் பொங்கல்களின் கணக்கு

பொங்கலுக்கான பொருள் தொகுப்பைக் குடும்ப அட்டைகளுக்கு வழங்கும் வழக்கம் 2009-இல் தொடங்கியது. பச்சரிசி, வெல்லம், பருப்பு என்று பொங்கலிடத் தேவையான பொருட்கள் ஒரு பையில் தரப்பட்டன. 2014-இல் பொருட்களோடு 100 ரூபாய் ரொக்கம் சேர்ந்தது. 2019-இல் அது 1,000 ரூபாயாயிற்று. அதன் பிறகான கணக்கை வரிசையாகப் பார்ப்போம்.

2019: 1,000 ரூபாய்
2020: 1,000 ரூபாய்
2021: 2,500 ரூபாய்
2022: ரொக்கம் இல்லை, 21 பொருட்கள் கொண்ட தொகுப்பு
2023: 1,000 ரூபாய்
2024: 1,000 ரூபாய்
2025: ரொக்கம் இல்லை, பச்சரிசி, சர்க்கரை, கரும்பு
2026: 3,000 ரூபாய்

எட்டு ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மொத்த ரொக்கம் 9,500 ரூபாய். அதில் 5,500 ரூபாய், அதாவது பாதிக்கும் மேல், 2021, 2026 ஆகிய இரண்டு ஜனவரிகளில் மட்டும் வந்தது. இரண்டும் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முந்தைய ஜனவரிகள். ஒன்று அ.தி.மு.க. ஆட்சியில், மற்றொன்று தி.மு.க. ஆட்சியில். எனவே இது ஒரு கட்சியின் குறை என்று ஒதுக்கிவிடக் கூடியதாக இல்லை. ரொக்கம் வராத இரண்டு ஆண்டுகளும் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ பொதுத்தேர்தல் நடவாத ஆண்டுகள். ஏழைக் குடும்பத்தின் தேவை ஒவ்வொரு தையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, தொகை மட்டும் தேர்தல் நாட்காட்டியோடு ஏறி இறங்குகிறது.

ரூபாயில் சொல்வதைவிட உழைப்பு நாட்களில் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியத்தை அளவுகோலாகக் கொள்வோம். 2018-19-இல் அது 224 ரூபாய். ஆகவே 2019-இன் 1,000 ரூபாய் நான்கரை நாள் ஊதியத்துக்குச் சமம். 2023-24-இல் அவ்வூதியம் 294 ரூபாய். 2024 பொங்கலின் அதே 1,000 ரூபாய் மூன்றரை நாள் ஊதியத்துக்கும் குறைவு. எண் மாறவில்லை, மதிப்பு தேய்ந்துவிட்டது. மாறாக, 2021-இன் 2,500 ரூபாய் அன்றைய 256 ரூபாய் ஊதியத்தில் ஏறத்தாழ பத்து நாட்கள். 2026-இன் 3,000 ரூபாய், 336 ரூபாய் ஊதியத்தில் ஏறத்தாழ ஒன்பது நாட்கள். எட்டு ஆண்டுகளின் சராசரியைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நான்கு நாள் ஊதியத்தைச் சற்றே தாண்டுகிறது.

இந்தச் சராசரியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் தேவைப்படும்.

ஒழிக்கச் சொல்பவர்கள் யார்?

ஒழிப்பு வாதம் ஒரே இடத்திலிருந்து வருவதன்று. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

முதல் வகை, "இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது" என்னும் நடுத்தர வர்க்க முணுமுணுப்பு. 2022-இல் பிரதமர் நரேந்திர மோதி 'ரேவடிக் கலாச்சாரம்' என்று பேசியபோது இதற்கு ஒரு தேசியப் பெயர் கிடைத்தது. தேர்தல் வாக்குறுதிகளாக வரும் இலவசங்கள் குறித்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் 2013-இலும் 2022-இலும் விவாதிக்கப்பட்டன. இவ்வாதத்துக்கான விடை எளிது. ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பது ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய் சில்லறை. எட்டு ரூபாயில் எந்தக் குடும்பமும் உழைப்பைக் கைவிட முடியாது. மேலும், வருமான வரி செலுத்தாதவர் வரியே செலுத்தாதவர் என்ற எண்ணமும் தவறு. சோப்பு வாங்கும்போதும் கைபேசிக்குப் பணம் கட்டும்போதும் நாற்று நடும் பெண்ணும் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துகிறார். அவருடைய வருமானத்தில் அவ்வரியின் பங்கு, செல்வரின் வருமானத்தில் அது பெறும் பங்கைவிடப் பெரிது.

இரண்டாவது வகை நமக்குள்ளிருந்தே வருகிறது. அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். "வரிசையில் நிற்க வைத்து, கட்சித் தலைவரின் படம் போட்ட பையைக் கொடுத்து, நன்றியை எதிர்பார்ப்பது எங்கள் சுயமரியாதைக்கு இழுக்கு. எங்களுக்குக் கூலி உயர்வு கொடுங்கள், நிலம் கொடுங்கள், பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள், கரும்பு வேண்டாம்" என்று சொல்லும் தோழர்களை எல்லாக் கூட்டங்களிலும் காண்கிறோம். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து அவர்கள் பெறும் முடிவில் ஒரு பிழை உண்டு. பரிசு ஒழிந்தால் மிச்சமாகும் பணம் கூலியாகவோ நிலமாகவோ சேரிக்கு வந்து சேரும் என்று எந்த உறுதியும் இல்லை. ரொக்கம் நிறுத்தப்பட்ட 2022-இலும் 2025-இலும் அதற்கு ஈடாக விவசாயத் தொழிலாளிக்கு நிரந்தர உரிமை எதுவும் சட்டமாகவில்லை. கையிலிருப்பது போயிற்று, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. பண்டிகைக் காலம் என்பது கடன் வாங்கும் காலம். புத்தாடைக்கும், பெண் கொடுத்த வீட்டுக்கு அனுப்பும் சீருக்கும், பிள்ளைகளின் ஆசைக்கும் அன்றாடக் கூலி போதாதபோது முன்பணம் வாங்கப்படுகிறது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கொத்தடிமை முறை உயிரோடிருப்பது இந்த முன்பணத்தின் வழியாகத்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்ட பின்பும், முன்பணத்தைத் திருப்ப இயலாத குடும்பங்கள் ஒரு பருவம் முழுவதும் சூளையில் கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே சரியான நேரத்தில், முன்கூட்டியே தெரிந்து கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய் அற்பமானதாகாது. வருமா வராதா என்று தெரியாத தொகைக்கு இந்த ஆற்றல் இல்லை. கடைசி நேரத்தில் அறிவிக்கப்படும் தொகை, முன்பணம் வாங்கி முடித்த பின்பே வந்து சேர்கிறது.

உயர்த்தினால் போதுமா?

உயர்த்தக் கோருபவர்கள் விலைவாசியைச் சுட்டுகிறார்கள். அது சரியே. ஆனால் இன்று உயர்த்தப்படும் தொகை நாளை தேயாமல் இருக்க என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. இதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உதவும்.

அங்கே 1972-இல் ஓய்வூதியம் பெறுவோருக்குக் கிறிஸ்துமஸ் போனஸாக 10 பவுண்டு வழங்கப்பட்டது. அப்போது தனிநபருக்கான அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 6.75 பவுண்டு. அதாவது போனஸ் ஒரு வார ஓய்வூதியத்தைவிடப் பெரிது. இடையில் 1975-இலும் 1976-இலும் அது தரப்படவில்லை. 1979-இல் ஆண்டுதோறும் தரப்பட வேண்டும் என்று சட்டமே இயற்றப்பட்டது. அந்த 10 பவுண்டு இன்றும் அதே 10 பவுண்டுதான். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2025-26-இல் அங்குள்ள புதிய அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்டு, போனஸ் ஒரு நாள் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அத்தொகையை வைத்து ஒரு கிறிஸ்துமஸ் விருந்து சமைக்க முடியாது. ஆனால் ஒழித்தால் வாக்கு போகும் என்று அஞ்சி எந்த அரசும் ஒழிக்கவில்லை; உயர்த்தினால் செலவாகும் என்று எந்த அரசும் உயர்த்தவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. சட்டம் மட்டும் போதாது. விலைவாசியோடு தானாக உயரும் விதியும் அச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு, இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று 2007-இல் பெயர் மாற்றப்பட்ட காலத்திலிருந்து, 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாயாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்ப்பதால் அது 2023 முதல் 1,200 ரூபாயாகக் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் பங்கு உயர வேண்டும் என்று கேட்பதற்குத் தேர்தல் ஆதாயம் யாருக்கும் இல்லை. ஆகவே அது உயரவில்லை.

பண்ணையின் பரிசும் அரசின் பரிசும்

பண்டிகைப் பரிசு என்ற வடிவம் நம் மக்களுக்குப் புதியதன்று. தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாள் குடும்பங்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை, நெல் தரும் வழக்கம் இருந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும்கூடச் சிறு கொடைகள் உண்டு. அக்கொடைகள் மிராசுதாரரின் தாராளமாகச் சொல்லப்பட்டன. உண்மையில் அவை மறுக்கப்பட்ட கூலியின் ஒரு சிறு பகுதி. ஆண்டு முழுவதும் குறைத்துக் கொடுத்ததில் ஒரு துளியைப் பண்டிகை நாளில் கையேந்த வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அளவைத் தீர்மானிப்பவர் கொடுப்பவர். எதிர்த்துப் பேசினால் நிறுத்துபவரும் அவரே. கொடையாக இருந்தவரை அதைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இதை உடைத்தது அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களின் போராட்டம். அதன் அழுத்தத்தில் 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் கொடையைப் பெருந்தன்மையாகத் தந்தவர்கள், அதே நெல்லைக் கூலியாகக் கேட்டபோது என்ன செய்தார்கள் என்பதை 1968 டிசம்பர் 25 காட்டியது. கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அங்கே கேட்கப்பட்டது கூலி உயர்வு.

மக்களாட்சி அரசைப் பண்ணையாரோடு சமமாக வைப்பது நியாயமாகாது. வாக்குரிமை உள்ள குடிமக்களுக்கு, அவர்கள் வரிப்பணத்திலிருந்து அரசு தருகிறது. ஆனால் வடிவம் ஒத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அளவைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார்; விரும்பினால் நிறுத்துகிறார்; கொடுக்கும்போது தன் படத்தை அச்சிடுகிறார். சேரிப்பகுதி மக்கள் ஊர்ப்பகுதியிலுள்ள கடைக்குச் சென்று வரிசையில் நிற்க வேண்டிய இடங்களில் இந்த ஒப்புமை இன்னும் கூர்மையாகிறது. சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகியோர் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பை வைத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, நியாயவிலைக் கடை எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார் என்பது தலித் மக்களின் உணவுப் பங்கைப் பாதிக்கிறது என்று காட்டியது.

கோரிக்கையின் இடத்தில் கொடை வந்து அமர்வதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் போராடினார்கள். இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அடுத்து அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு அவற்றுள் ஒன்று. உணவு நல்லதே. ஆனால் அவர்கள் கேட்டது அதுவன்று.

போனஸ் எவ்வாறு உரிமையாயிற்று?

கொடை உரிமையாக மாறியதற்கு நம் நாட்டிலேயே முழுமையான முன்மாதிரி இருக்கிறது. தீபாவளி போனஸ் ஒரு காலத்தில் ஆலை முதலாளியின் மனம் குளிர்ந்தால் தரும் அன்பளிப்பு. தொழிற்சங்கங்கள் அதை ஏற்கவில்லை. வாழ்வதற்குப் போதிய ஊதியத்துக்கும் உண்மையில் தரப்படும் ஊதியத்துக்கும் உள்ள இடைவெளியை ஈடுசெய்யும் பாக்கி ஊதியமே போனஸ் என்று அவை வாதிட்டன. 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் ஆலைகள் வழக்கில் போனஸைக் கணக்கிட ஒரு சூத்திரத்தை வகுத்தது. 1965-இல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம், தரப்பட வேண்டும் என்ற விதி பின்னர் நிலைபெற்றது. இப்போது இவ்விதிகள் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. இன்று ஆலைத் தொழிலாளி போனஸுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. தராவிட்டால் வழக்குத் தொடுக்கலாம்.

ஆனால் இந்த உரிமையின் எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள். தொழிற்சாலைகளையும் இருபது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இன்று ஒருவர் வயலில், நாளை இன்னொருவர் வயலில் வேலை செய்யும் விவசாயத் தொழிலாளி அதற்குள் வரவில்லை. வீட்டுவேலை செய்யும் பெண் வரவில்லை. உள்ளாட்சி அமைப்புகளின் நேரடித் தொழிலாளர்களுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. தலித் தொழிலாளர்கள் மிகுதியாக உள்ள வேலைகள் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்றன.

அரசின் சொந்தப் படிநிலையிலும் இதே தோற்றம்தான். தமிழ்நாடு அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 16,800 ரூபாய், தீபாவளியையொட்டிக் கிடைத்துள்ளது. அரசு அலுவலகங்களின் நிரந்தர சி, டி பிரிவு ஊழியர்களுக்குப் பொங்கல் போனஸ் 3,000 ரூபாய். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு 1,000 ரூபாய். சி, டி பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நீண்ட காலம் 500 ரூபாய். 2025-இல் 1,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வேலைப் பாதுகாப்பு குறையக் குறையப் பண்டிகைத் தொகையும் குறைகிறது. ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே நிற்பவருக்கு எஞ்சுவது குடும்ப அட்டைக்கான பரிசு மட்டுமே. அப்பரிசை ஒழிக்கச் சொல்பவர்கள், ஏணியின் மேற்படிகளில் உள்ளவர்களின் போனஸை ஒழிக்கச் சொல்வதில்லை.

எந்தப் பணப்பையிலிருந்து?

உயர்த்தினால் செலவு எவ்வளவு? அரிசி பெறும் குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 2.2 கோடி. ஆகவே ஒவ்வோர் 1,000 ரூபாய்க்கும் 2,200 கோடி ரூபாய் தேவை. இப்பணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்க வேண்டும் என்னும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80-இலிருந்து உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. இந்நிதி நேரடியாகத் தலித் மக்களின் கல்வி, குடியிருப்பு, நிலம், தொழில் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். ஆனால் அனைவருக்குமான பொதுத் திட்டங்களில் தலித் பயனாளிகளின் பங்கைக் கணக்கிட்டு, அதை இந்நிதியில் எழுதும் பழக்கம் பல மாநிலங்களில் உண்டு. கர்நாடகத்தில் தேர்தல் உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்நிதி பயன்படுத்தப்பட்டது பெரும் விவாதமாயிற்று. தமிழ்நாட்டிலும் 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1,540 கோடி ரூபாய் இந்நிதியிலிருந்து எடுக்கப்படுவதாக எழுந்த புகாரின்மேல் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2024-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

அனைவருக்கும் கிடைக்கும் ஒன்றைத் தலித் நிதியிலிருந்து தலித்துக்குத் தருவது என்றால், பிறர் பொதுக் கருவூலத்திலிருந்து பெறுவதை நாம் நம் சொந்தப் பங்கிலிருந்து பெறுகிறோம் என்று பொருள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இதன் பொருள் நன்றாகவே தெரியும். பள்ளி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023-இல்தான் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. கல்லூரி விடுதியில் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய். நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய், அல்லது அதற்கும் குறைவு. பொங்கலுக்கு வரும் ஆயிரம் ரூபாய்க்காக விடுதியின் ஒரு வேளை உணவு மெலியுமானால், அந்தப் பரிசை நம் பிள்ளைகளே நமக்குத் தருகிறார்கள் என்றாகும்.

நாம் கோர வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கோரிக்கைகள் பிறக்கின்றன.

முதலாவது, பொங்கல் தொகையை ஒழிக்கக் கூடாது. அதைச் சட்டமாக்க வேண்டும். எந்த அரசு வந்தாலும், தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிசம்பர் முடிவதற்குள் வங்கிக் கணக்கிலோ, கணக்கு இல்லாதவர்க்குக் கையிலோ கிடைக்க வேண்டும். குடும்ப அட்டை இல்லாத இருளர் போன்ற பழங்குடிக் குடும்பங்களும், வேலைக்காகப் புலம்பெயர்ந்து சொந்தக் கடையில் டோக்கன் வாங்க இயலாதவர்களும் விடுபடாதவாறு விதி எழுதப்பட வேண்டும். மகளிர் உரிமைத் தொகையின் பெயரில் உரிமை இருக்கிறது; அதற்கும் தனிச் சட்டக் காப்பு வேண்டும்.

இரண்டாவது, தொகையை ரூபாயில் எழுதாமல் ஊதிய நாட்களில் எழுத வேண்டும். குறைந்தது ஐந்து நாள் ஊரக ஊதியம் என்று சட்டம் சொல்லட்டும். 336 ரூபாய் ஊதியத்தில் அது 1,680 ரூபாய். ஒரு தேர்தல் ஆண்டின் தொகையைவிட இது குறைவு என்று சிலர் சொல்லலாம். ஆனால் கடந்த எட்டு ஆண்டுகளின் சராசரியாகிய நான்கு நாட்களைவிட இது கூடுதல். அரசின் மொத்தச் செலவு பெரிதாக உயராமலேயே, ஒவ்வோர் ஆண்டும் வருவது உறுதியாகிறது. ஊதியம் உயரும்போது தானாக உயர்கிறது. முன்கூட்டியே தெரிவதால் முன்பணம் வாங்கும் கட்டாயம் சிறிதேனும் குறைகிறது. ஐந்து என்ற எண் முடிவானதன்று. சங்கங்கள் விவாதித்துக் கூட்டலாம். நாட்களில் எழுத வேண்டும் என்பதில்தான் உறுதி தேவை.

மூன்றாவது, இத்தொகையில் ஒரு ரூபாய்கூடப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிதியில் எழுதப்படக் கூடாது. வரவு செலவுத் திட்டத்தில் இதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

நான்காவது, தேர்தல் ஆண்டில் கூடுதலாகக் கண்டெடுக்கப்படும் பணம் பரிசாகப் பெருகாமல், மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்துக்கும், விவசாயத் தொழிலாளர்களின் வேலையில்லாப் பருவத்துக்கான நிவாரணத்துக்கும் செல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கும், மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு நிவாரணம் தருகிறது. வேலை நின்றுபோகும் பருவத்தைக் கணக்கில் கொண்டு தரப்படும் உதவி அது. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடை மாதங்களில் டெல்டா மாவட்டத் தொழிலாளிக்கும் அதே தர்க்கம் பொருந்தும்.

பொங்கல் முடிந்து பத்து நாட்களுக்கெல்லாம், ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. பை வாங்கிய கைகளின் நினைவு அப்போது இன்னும் ஆறியிருக்காது. அந்தச் சபையில் முதல் இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக முன்மொழியலாம். மூன்றாவது கோரிக்கைக்கு, கல்லூரி மாணவர்கள் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதலாம்: கடந்த ஐந்து ஆண்டுகளில் பொங்கல் பரிசுத் தொகுப்புக்கான செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது, அதில் பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்தின் பங்கு ஏதேனும் உண்டா? விடை எதுவாயினும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மார்கழியில் பேசலாம். "இந்த ஆண்டு எவ்வளவு?" என்று கடையில் கேட்பதற்கு மாறாக, "எந்தச் சட்டத்தின்படி?" என்று சட்டமன்றத்திடம் கேட்கத் தொடங்குவோம்.